பட்டியல் வந்திருக்கிறது, வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கலிபோர்னியாவின் பே ஏரியாவில் வசிக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மதுரைக்காரர். கணவர் கணினித் துறையில் இருக்கிறார், இவர் கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில். மகன் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு, மகள் அதே பள்ளியில் இந்த ஆண்டுதான் கிண்டர்கார்ட்டன் சேர்ந்திருக்கிறாள். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

ஆகஸ்டில் மகனின் வகுப்பிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் 24 பென்சில், 12 பசைக்குச்சி, ஒரு பெட்டி கிரையான் கொண்டுவர வேண்டும். மற்றவை குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி பிரிக்கப்பட்டிருந்தன. ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை காகிதக் கட்டு, ‘எச்’ முதல் ‘எம்’ வரை வெள்ளைப் பலகை மார்க்கர், ‘என்’ முதல் ‘ஆர்’ வரை ஜிப்லாக் பை, ‘எஸ்’ முதல் ‘இசட்’ வரை தலைக்கு 4 டிஷ்யூ பெட்டியும் 3 டப்பா கிருமிநாசினித் துடைப்பான்களும். தாளின் அடியில் ‘முதல் நாளே கட்டாயம் கொண்டுவர வேண்டும்’ என்று எழுதி, பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

இவர் ஒரு துடைப்பான் டப்பா தவிர எல்லாவற்றையும் வாங்கினார். 24 பென்சிலிலும் மகன் பெயரைச் சின்னச் சின்னச் சீட்டாக ஒட்டினார். முதல் நாளே ஆசிரியை எல்லாப் பென்சிலையும் ஒரு பெரிய தொட்டியில் கொட்டிவிட்டார். மூன்றாம் நாள் மகன் யாரோ கடித்துத் துப்பிய பென்சிலோடு வீட்டுக்கு வந்திருக்கிறான். அதைவிட வருத்தம், மதுரையிலிருந்து அம்மாச்சி கொடுத்தனுப்பிய தகர டப்பாக் கிரையானும் அதே தொட்டிக்குள் போனது. அந்த ஒரு துடைப்பான் டப்பா குறைந்ததால், கரும்பலகையில் அவன் பெயருக்கு நேரே நட்சத்திரம் இல்லை. நட்சத்திரம் வாங்கிய பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை 10 நிமிடம் கூடுதல் விளையாட்டு. இவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். இதற்கிடையில், வகுப்பு நிதிக்குப் பிள்ளைக்கு 75 டாலர் கேட்டு வகுப்புப் பெற்றோர் பிரதிநிதியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி.

“ஊரோடு ஒத்து வாழ், 150 டாலருக்கு ஏன் வம்பு” என்கிறார் கணவர். “வரி கட்டுகிறோம், ஒரு குண்டூசிகூட வாங்காதே” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். டெக்சாஸில் இருக்கும் நாத்தனாரோ, அங்கே எல்லோரும் பேசாமல் வாங்கித்தான் கொடுக்கிறார்கள் என்கிறார். “நம் ஊர் அரசுப் பள்ளியில் புத்தகம், நோட்டு, பை, கிரையான் எல்லாம் விலையில்லாமல் தருகிறார்கள். இவ்வளவு பெரிய நாட்டில் என் மகன் டிஷ்யூ கொண்டுபோனால்தான் விளையாடலாமா? கேள்வி கேட்டால் பிள்ளைக்கோ எங்கள் கிரீன் கார்டுக்கோ கெடுதல் வருமா?” இதுதான் அவர் கேட்பது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதும் முழுதாகச் சரியில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதும் முழுதாகச் சரியில்லை. சட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான். ஆனால் உங்களை அதிகம் புண்படுத்திய அந்தத் தொட்டி விஷயத்தில் ஆசிரியை பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒன்றொன்றாகப் பார்ப்போம். நான் எழுதுவது கலிபோர்னியா அரசுப் பள்ளிகளுக்கான பொதுவான விளக்கம். தனியார் பள்ளிக்கு இது பொருந்தாது. உங்கள் நாத்தனார் இருப்பது வேறு மாநிலம், வேறு சட்டம். அவர் அனுபவத்தை இங்கேயும், உங்கள் உரிமையை அங்கேயும் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கட்டாயம் என்ற சொல்

கலிபோர்னியாவின் 1879ஆம் ஆண்டு அரசியல் சாசனத்திலேயே இலவசப் பள்ளிக்கான உறுதிமொழி இருக்கிறது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாகியும் பள்ளிகள் அங்கங்கே கட்டணம் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. சாண்டா பார்பராவில் நாடகம், இசை, விளையாட்டு போன்றவற்றில் சேர உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் 25 டாலர் வசூலித்தார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. ஹார்ட்செல் எதிர் கானெல் என்ற அந்த வழக்கில் 1984இல் கட்டணம் செல்லாது என்று தீர்ப்பானது. பிறகும் பழக்கம் நிற்கவில்லை. 2010இல் ஏசிஎல்யூ என்ற குடிமக்கள் உரிமை அமைப்பு மாநில அரசின் மீதே வழக்குத் தொடுக்க, அதன் தொடர்ச்சியாக 2012இல் ஏபி 1575 என்ற சட்டம் நிறைவேறி 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

அதன்படி ‘மாணவர் கட்டணம்’ என்றால் ரொக்கம் மட்டுமல்ல. பாடத்துக்கு வேண்டிய ஒரு பொருளை வாங்கியே ஆக வேண்டும் என்று சொல்வதும் கட்டணம்தான். ஆக, உங்கள் மகனின் தாளில் உள்ள பென்சிலோ பசையோ குற்றமில்லை. ‘கட்டாயம்’ என்ற சொல்லும் அந்தக் கையெழுத்துக் கோடும்தான் சட்டத்துக்கு முரண். அதே பட்டியலை ‘விருப்பமுள்ளவர்கள் தரலாம்’ என்று அனுப்பியிருந்தால் நான் எழுத ஒன்றுமே இருந்திருக்காது. நன்கொடை கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை. அந்த 75 டாலரும் அப்படித்தான்: கேட்கலாம், வற்புறுத்தக் கூடாது. அந்தக் குறுஞ்செய்திக்கு நீங்கள் பதில்கூடப் போட வேண்டியதில்லை.

நம் ஊர்ப் பள்ளியோடு ஒப்பிட்டுக் கேட்டிருந்தீர்கள். இங்கேயும் சட்டப் புத்தகத்தில் அது இருக்கிறது. கல்விச் சட்டத் தொகுப்பின் 38118ஆம் பிரிவைத் தேடிப் படியுங்கள். எழுதும் தாள், வரையும் தாள், பேனா, மை, கரும்பலகை, அதன் அழிப்பான், கிரையான், பென்சில், சிலேட்டுக் குச்சி முதலான தேவையான பொருட்களை, அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின் நிர்வாகக் குழுவே தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. சிலேட்டுக் குச்சி காலத்து வாசகம்! இன்றைக்கும் நீக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. கிரையான் பள்ளியின் பொறுப்பு என்று இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிவிட முடியாது.

வசதி இருந்தால் தரத்தானே வேண்டும் என்ற தயக்கம்

கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “எங்களுக்கு வசதி இல்லாமல் இல்லை. அதனால் கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இந்தச் சட்டமெல்லாம் இல்லாதவர்களுக்குத்தானே?” இல்லை. இந்தத் தவறான எண்ணத்தைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பள்ளி அலுவலகங்களிலும் பார்க்கிறேன். ‘முடியாதவர்கள் வந்து சொல்லட்டும், விலக்குத் தருகிறோம்’ என்பார்கள். 1984 தீர்ப்பு இந்த வாதத்தையும் தள்ளிவிட்டது. குடும்பத்தால் கொடுக்க முடிகிறதா என்பதும் பொருட்டல்ல, கொடுக்க விருப்பமிருக்கிறதா என்பதும் பொருட்டல்ல என்றது. விலக்குத் தருகிறோம் என்பதால் ஒரு கட்டணம் சட்டப்படியானதாகிவிடாது என்று பிற்பாடு வந்த சட்டமும் சொல்கிறது. காரணத்தை யோசித்தால் புரியும். விலக்கு வேண்டுமென்றால் ஒரு தாய் அலுவலகத்துக்குப் போய் ‘எங்களிடம் இல்லை’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வசதியுள்ள நீங்களே கேட்கக் கூசுகிறீர்கள். அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும்?

நட்சத்திரம்தான் பெரிய தவறு

கடிதத்தில் நீங்கள் இரண்டே வரியில் கடந்துபோன விஷயம் இது. எனக்கு இதுதான் மிகவும் உறுத்தியது. பொருளோ பணமோ தந்ததற்காக ஒரு பிள்ளைக்குச் சலுகை கொடுக்கக் கூடாது. தராததற்காகப் பறிக்கவோ பாகுபாடு காட்டவோ கூடாது என்று 49011ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரு துடைப்பான் டப்பா குறைந்தது என்று ஏழு வயதுப் பிள்ளையை உள்ளே உட்காரவைத்து, ஜன்னல் வழியே மற்றவர்கள் ஓடுவதைப் பார்க்கவிடுவது இந்த விதிக்கு நேர் எதிர். ஆசிரியை வேண்டுமென்றே செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நட்சத்திரப் பட்டியல் இங்குள்ள தொடக்கப் பள்ளிகளில் எதற்கெடுத்தாலும் கையிலெடுக்கும் கருவி. ஆனாலும் இது உடனே நிற்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் ‘போகட்டும்’ என்று விடாதீர்கள்.

அந்தத் தொட்டி

இனி ஆசிரியை பக்கம். நம் பள்ளிக்கூடங்களில் ‘என் டப்பா என் டப்பாதான்’ என்று வளர்ந்தவர்கள் நாம். அடுத்த பெஞ்சுக்காரி ரப்பர் கேட்டால் பாதியாக வெட்டிக் கொடுத்த தலைமுறை. இங்கே கீழ் வகுப்புகளில் பொதுத் தொட்டி வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரே மேசையில் ஒருவனிடம் 64 வண்ணப் பெட்டியும் இன்னொருத்தியிடம் எட்டே வண்ணமும் இருந்தால், படம் வரையும் நேரம் முழுக்கப் பஞ்சாயத்துதான். ஒன்றுமே கொண்டுவராத பிள்ளை யார் என்பது பொதுத் தொட்டியில் தெரியாது. சொல்லப்போனால், நட்சத்திரப் பட்டியல் வெளிச்சம் போட்டுக் காட்டியதை மறைக்கத்தான் தொட்டி இருக்கிறது. இரண்டையும் ஒரே வகுப்பில் வைத்தது முரண்.

என் மகன் சின்ன வகுப்பில் இருந்தபோது ஒரு வியாழக்கிழமை உதவிக்குப் போனேன். எனக்குக் கிடைத்த வேலை பென்சில் சீவுவது. 80 பென்சில். மலிவு ரகத்தில் மரம் ஒரு பக்கம் வழிந்து, கூர் விழும்போதே முனை உடைந்துவிடும். நான்காவது முறை சீவும்போது பென்சில் கட்டைவிரல் அளவுக்கு வந்திருக்கும். பட்டியலில் ஏன் டிகாண்டெரோகா என்று பிராண்டு பெயரையே போடுகிறார்கள் என்று அன்றுதான் விளங்கியது. அதுவரை நானும் உங்களைப்போல அதை ஆடம்பரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பள்ளி கொடுக்காததை ஆசிரியர்கள் தங்கள் கையிலிருந்துதான் வாங்குகிறார்கள். 2018இல் வெளியான அமெரிக்க மத்திய அரசின் கல்விப் புள்ளிவிவரப்படி, அரசுப் பள்ளி ஆசிரியர்களில் 94 சதவீதம் பேர் வகுப்புக்காகச் சொந்தப் பணம் செலவழித்திருந்தனர். அப்படிச் செலவழித்தவர்களுக்குச் சராசரியாக ஓராண்டில் ஆனது 479 டாலர். இதற்காக வருமானத்தில் கழித்துக்கொள்ள வரிச் சட்டம் 2002இல் அனுமதித்த தொகை 250 டாலர், இருபது வருடம் கழித்து அது 300 ஆனது. ஆகவே கோபம் வந்தால் பள்ளி மாவட்ட நிர்வாகத்தின் மீது வரட்டும். 38118ஆம் பிரிவு பொறுப்பைச் சுமத்தியிருப்பது அவர்கள் மீதுதான், வகுப்பு ஆசிரியை மீதல்ல.

பொதுவுக்கு என்று தெரிந்து கொடுத்த பென்சில் வகுப்புக்குப் போன நன்கொடை. அதில் பெயர் ஒட்டியிருந்தாலும் அது அவனுடையதாக இருக்காது. (24 சீட்டை ஒட்டிய உங்கள் இரவு வீண் என்று சொல்ல எனக்கு மனமில்லைதான்.) தகர டப்பா விஷயம் வேறு. பாட்டி பேரனுக்கு அனுப்பியதை நீங்கள் வகுப்புக்குக் கொடுக்கவில்லை. அவன் பையில் இருந்தது தொட்டிக்குப் போயிருக்கிறது. தயங்காமல் திரும்பக் கேளுங்கள். கிடைத்ததும் அது வீட்டிலேயே இருக்கட்டும், பள்ளிக்குச் சாதாரணப் பெட்டி போதும்.

‘எஸ்’ வரிசையின் கணக்கு

பட்டியலைப் பிரித்த விதத்தைப் பற்றி நீங்கள் ஒரு கணக்கும் அனுப்பியிருந்தீர்கள். படித்துச் சிரித்துவிட்டேன். 25 பிள்ளைகளில் ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை 6 பேர், ‘எச்’ முதல் ‘எம்’ வரை 4 பேர், ‘என்’ முதல் ‘ஆர்’ வரை 4 பேர். மீதி 11 பேரும் ‘எஸ்’ முதல் ‘இசட்’ வரை! பே ஏரியா வகுப்பில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நம் பக்கத்துச் சுப்பிரமணியன், செல்வராஜ், சுந்தரம், வெங்கடேசன். வடக்கே சிங், ஷா, சர்மா. வியட்நாம் குடும்பங்களின் டிரான். சீனக் குடும்பங்களின் வாங், வூ, யாங், ஜாங். எல்லோரும் அந்தக் கடைசி எட்டு எழுத்துக்குள். அப்பா பெயரைப் பிள்ளைக்குக் கடைசிப் பெயராக்கும் நம் வழக்கம் கூட்டத்தை இன்னும் பெருக்குகிறது. எழுத்துகளைச் சமமாகப் பிரித்தால் பிள்ளைகளும் சமமாகப் பிரிவார்கள் என்று பள்ளி நினைத்துவிட்டது.

விளைவு, எல்லோரும் சொன்னபடி கொண்டுவந்தால் 44 டிஷ்யூ பெட்டி. மார்க்கர் கொண்டுவர நான்கே பேர், தலைக்கு இரண்டு பாக்கெட், பாக்கெட்டுக்கு நான்கு, ஆக 32 மார்க்கர். ஐந்தாவது வாரமே ‘மார்க்கர் தீர்ந்துவிட்டது, யாராவது வாங்கித் தாருங்கள்’ என்று செய்தி வந்ததில் வியப்பில்லை.

சில பள்ளிகளில் ஆண் பிள்ளைகள் சிறிய ஜிப்லாக் பை, பெண் பிள்ளைகள் பெரிய பை என்று பிரிக்கிறார்கள். அங்கேயும் இதே கதைதான், 15 பையன்கள் இருக்கும் வகுப்பில் சிறிய பை மலைபோல் குவியும். எனக்குப் பிடித்த முறை ஒன்று உண்டு. வகுப்புக்கு மொத்தம் என்ன வேண்டும் என்பதை ஆசிரியை எழுதி, ஒரு தாளில் வரிசையாகப் போட்டுவிடுவார். முடிந்தவர் தனக்கு முடிந்த வரியில் குறித்துக்கொள்வார். பெயர் போடாமல் ‘எடுத்துக்கொண்டாயிற்று’ என்று மட்டும் குறித்தால் இன்னும் நல்லது. மிச்சமிருப்பதைப் பள்ளியோ பெற்றோர் சங்கமோ மொத்த விலைக்கு வாங்கிவிடலாம். 25 குடும்பங்கள் 25 கடைக்குப் போய்ச் சில்லறை விலைக்கு வாங்குவதைவிட இது மலிவு. கணக்குப் போடத் தெரிந்த நீங்களே இதைப் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லலாம். குறையாகச் சொல்லாமல் அந்த 44 பெட்டிக் கணக்கை மட்டும் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள்.

புகாரும் பயமும்

முதலில் கிரீன் கார்டு. பள்ளிக் கட்டணம் பற்றிய புகார் உங்களுக்கும் பள்ளி மாவட்டத்துக்கும் இடையிலானது. குடியேற்றத் துறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பள்ளி மீது புகார் கொடுத்தீர்களா என்று அந்த விண்ணப்பம் எங்கும் கேட்பதும் இல்லை. எந்த ஆவணமும் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளியின் கதவை மூடக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லிவிட்டது. முறையான விசாவில் இருக்கும் நீங்கள் ஒரு துடைப்பான் டப்பாவுக்காக நடுங்க வேண்டாம்.

பிள்ளைக்குக் கெடுதல் வருமா என்பது நியாயமான பயம். புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதற்கு விதிகளில் தடை உண்டு. ஆனால் வகுப்பறைக்குள் ஒரு முகச்சுளிப்பை எந்த விதியும் தடுக்காது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் எடுத்த எடுப்பில் புகார் வேண்டாம் என்கிறேன்.

முதலில் ஆசிரியையிடம் நேரில் பேசுங்கள், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று அல்ல, நேரம் கேட்டு வாங்கி. தகர டப்பாவிலிருந்து தொடங்குங்கள். பிறகு நட்சத்திரம். “வெள்ளிக்கிழமை அவன் அழுதுகொண்டே வந்தான், பொருள் கொண்டுவருவதை விளையாட்டு நேரத்தோடு சேர்க்காமல் இருக்க முடியுமா?” என்ற அளவு போதும். சட்டப் பிரிவு எண்ணை அங்கே எடுக்காதீர்கள்.

சரியாகவில்லை என்றால் தலைமை ஆசிரியருக்கு மின்னஞ்சல். அப்போது பிரிவு எண்களை எழுதலாம். அதற்கு உங்களிடம் நல்ல ஆயுதம் ஒன்று இருக்கிறது. நீங்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. கடிதத்தோடு இரண்டு தாள்களின் படத்தை இணைத்திருந்தீர்கள். மகனின் பட்டியலைப் பற்றி நான்கு பக்கம் எழுதிய நீங்கள், மகளின் கிண்டர்கார்ட்டன் பட்டியலைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. அதன் கடைசியில் சிறிய எழுத்தில், ‘இவை விருப்ப நன்கொடைகள், எந்தப் பிள்ளையும் கொண்டுவர வேண்டிய கட்டாயம் இல்லை, தேவையானதைப் பள்ளி தரும்’ என்று இருக்கிறது. அதே பள்ளி, அதே ஆகஸ்ட். ஆக, சட்டம் பள்ளிக்குத் தெரியாமல் இல்லை; இரண்டாம் வகுப்புத் தாள் யாரோ பழையதைப் பிரதி எடுத்ததாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து அனுப்பி, “இரண்டாம் வகுப்புக்கும் இந்த வாசகத்தையே போடலாமே” என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால்தான் எழுத்துப்பூர்வப் புகார். படிவம் பள்ளி மாவட்ட இணையதளத்தில் இருக்கும். தலைமை ஆசிரியரிடமே கொடுக்கலாம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஆதாரம் இணைத்தால் பெயர் போடாமலும் கொடுக்கலாம். 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும், திருப்தியில்லை என்றால் மாநிலக் கல்வித் துறைக்கு மேல்முறையீடு உண்டு. புகார் சரி என்று தீர்ந்தால், பாதிக்கப்பட்ட எல்லாப் பெற்றோருக்கும் பணத்தைத் திருப்பித்தரப் பள்ளி முயற்சி எடுக்க வேண்டும், உங்களுக்கு மட்டுமல்ல. ஆகவே கடை ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

இனி நீங்கள் வாங்க வேண்டுமா, வேண்டாமா? பக்கத்து வீட்டுக்காரர்போல நான் ‘குண்டூசிகூட வேண்டாம்’ என்று சொல்லமாட்டேன். என் வீட்டிலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை மார்க்கர் போகிறது, யாரும் கேட்காமலே. ஜனவரியில் அனுப்புவேன், ஆகஸ்டில் வந்ததெல்லாம் அப்போது தீர்ந்திருக்கும், யாரும் கண்டுகொள்ளவும் மாட்டார்கள். நீங்கள் விரும்பினால் அப்படிச் செய்யலாம். ஆனால் அந்தக் கையெழுத்துக் கோட்டில் மட்டும் அடுத்த ஆண்டு கையெழுத்துப் போட வேண்டாம்.

தகர டப்பா கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள். மூடியில் மயில் படம் போட்டது என்று எழுதியிருந்தீர்கள், 25 பிள்ளைகளின் தொட்டியில் தேடுவது கடினமாக இருக்காது.